நீலம் ஏற்றாத திருகாணிகள்

நியூ உல்ம், மின்னசோட்டா
9 அக்டோபர் 1962

அன்புள்ள சகலைக்கு,

திருகாணிகளுக்கு நீல மெருகு ஏற்றுவதில்லை என்று சென்ற செவ்வாய்க்கிழமை முடிவு செய்துவிட்டேன். அவசரத்தில் எடுத்த முடிவல்ல. வெர்னாவிடம் கலந்துபேசினேன். பாதிரியாரிடம் பெயர் எதுவும் சொல்லாமல் பொதுவாக ஒரு கேள்வி கேட்டேன். ஓர் அடக்க ஆராதனையில் இரண்டாம் வாசகம் முடியும்வரை இதைப் பற்றியே யோசித்தபடி கைகட்டி நின்றேன். குடும்பத்தார் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு பிறகு எனக்கு நன்றி சொன்னார்கள். மொத்தம் ஐந்து திருகாணிகள். நீலம் ஏற்றினால் பழையவைபோல் நடிக்கும். ஏற்றாவிட்டால் நேற்றுக் கடைந்தவை என்ற உண்மையை வெள்ளையாகச் சொல்லும். என் தொழிலில் நாள் முழுவதும் மெருகேற்றுகிறேன். ஐந்து திருகாணிகளாவது உள்ளபடி இருக்கட்டும்.

எதற்கான திருகாணிகள் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் கொஞ்சம் தயங்கினேன். ஹைடமான் கிழவரின் பந்தயத் துப்பாக்கியின் ஆக்‌ஷன் என்னிடம் வந்திருக்கிறது.

நான் கேட்டு வாங்கவில்லை. கிழவர் இறந்து, அவரை அடக்கத்துக்கு எடுத்துவரப் போன அன்று ஹைடமான் அம்மாள் என்னை நிறுத்தினார்.

“தம்பி, அவரோட கோட்டு, தொப்பி எல்லாம் நீங்களே எடுத்துக்கிடுங்க. பரண்ல ஒரு இரும்பு கிடக்கு, அதையும் தூக்கிட்டுப் போயிடுங்க. எப்ப என் தலையில விழுமோன்னு பயந்துட்டே சமைச்சிருக்கேன்.”

“அம்மா, இது சாதாரண இரும்பு இல்ல.”

“பின்ன என்ன, தங்கமா?”

“சிலருக்குத் தங்கந்தான்.”

“அந்தச் சிலர் யாரும் பெட்டி தூக்க வரலையே தம்பி. நீங்கதான வந்தீங்க.”

குழல் துருவேறி உள்ளே அடைத்துப்போயிருந்தது. தோளில் வைக்கும் கட்டையை எலி தின்றிருந்தது. மிஞ்சியது ஆக்‌ஷன் என்கிற நடுப்பாகம் மட்டும்: இரும்புக் கூடு, அதற்குள் ஏறி இறங்கும் கட்டி, அதை இயக்கும் நெம்பு. எண்பது வருஷத்துக்கு முந்திய வேலை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு தோட்டா. நெம்பைத் தள்ளினால் பாதிரியார் வேதாகமத்தை மூடுவதுபோல் மூடுகிறது.

உங்கள் ஆலோசனை வேண்டும். அது பெரிய தோட்டாவுக்காகச் செய்தது. அதன் ஊசி தோட்டாவின் முதுகுக்கு நடுவில் குத்தும். எனக்கு வேண்டியது இலக்குப் பந்தயத்துக்கான சின்ன ‘இருபத்திரண்டு’ தோட்டா. அதை நடுவில் குத்தினால் ஒன்றும் ஆகாது, விளிம்பில் குத்தினால்தான் வெடிக்கும். ஊசியை மேலே நகர்த்துவதா, குழலைச் சற்றுக் கீழிறக்கிப் பொருத்துவதா?

வெர்னாவின் கால் இன்னும் மாவுக்கட்டில் இருக்கிறது. தேவாலயப் படிக்கட்டில், அதுவும் நான் நடத்திய அடக்கம் ஒன்றின் விருந்துக்கு உருளைக்கிழங்குக் கலவையைத் தூக்கிப் போகும்போது விழுந்தாள் என்பதால், எனக்குப் பொறுப்பு அதிகம். அவள் தங்கையான உங்கள் இர்மா வந்து வீட்டைப் பார்த்துக்கொள்வது பெரிய உதவி. உங்களுக்குத்தான் சிரமம்.

அன்புடன்,
எமில் டெஷ்


ஷிபாய்கன், விஸ்கான்சின்
15 அக்டோபர் 1962

அன்புள்ள சகலை,

கடிதம் கிடைத்தது. வாழ்த்துகள். இந்தச் சொல்லை எழுத இரண்டு நாள் பிடித்தது. பேனாவில் மை இல்லை.

ஹைடமான் ஒவ்வொரு ஜூலையும் எங்கள் துப்பாக்கிச் சங்கத்துப் பந்தயத்துக்கு வருவார் என்பது நீங்கள் அறிந்தது. ஒவ்வொரு ஜூலையும் என் நாற்காலியில் சாய்வார் என்பதும் அறிந்ததே. அவருடைய மேல்வரிசைப் பற்கள் முழுவதும் என் கைவேலை. வாயைத் திறக்க வைத்து, இரண்டு கருவிகளை உள்ளே வைத்துக்கொண்டு, அந்த ஆக்‌ஷனை எனக்குத் தருவாரா என்று கேட்பேன். அவர் ஒருமுறைகூட மறுத்ததில்லை. அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டதில் தவறிருப்பதாகத் தெரியவில்லை. இப்போது என் பற்கள் அவரோடு மண்ணுக்குள் இருக்கின்றன, அவருடைய ஆக்‌ஷன் உங்கள் மேசையில் இருக்கிறது. நீதி எங்கே என்று நான் கேட்கவில்லை. எது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

ஒரு மனிதனுக்கு நண்பர்கள் இருக்கலாம், பல் மருத்துவர் இருக்கலாம். ஆனால் அவன் போனதும் பரணில் முதலில் ஏறுவது நீங்கள்தான். இது உங்கள் தொழிலின் வசதி. குற்றமாகச் சொல்லவில்லை.

ஊசியை நகர்த்துங்கள். குழலைக் கீழிறக்குவது சோம்பேறி வழி. பழைய துளையை அடைத்து, மேலே புதிதாகத் துளையிட்டு, மெல்லிய ஊசி ஒன்றைக் கடைந்து போடுங்கள். நான் தினமும் பற்களில் செய்வதுதான்.

திருகாணி விஷயத்தில் நீங்கள் செய்திருப்பது மடத்தனம். வெள்ளை இரும்பு என்ன பாடுபடும் என்பதை என்னைவிட அறிந்தவர் இல்லை. என் கைவியர்வை அப்படி. எங்கள் சங்கத்தில் ஒருவரும் தம் துப்பாக்கியை என்னிடம் தொடக் கொடுப்பதில்லை. வெறும் இரும்பை நான் தொட்டுவிட்டுத் தூங்கப் போனால் காலையில் அதில் செம்மண் நிறத்தில் என் ரேகை எழுந்து நிற்கும். என் பட்டறையில் அரங்களைக்கூடத் துணி சுற்றித்தான் பிடிக்கிறேன். நீலம் ஏற்றினால் துரு அண்டாது, ஏற்றுங்கள்.

இல்லையென்றால் ஒன்று சொல்கிறேன். என் துப்பாக்கியைத் தருகிறேன், ஆக்‌ஷனைத் தாருங்கள். என்னுடையது தொழிற்சாலையில் செய்தது, புதியது, ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் அதன் குறை.

சம்மதமில்லை என்றால், கட்டை கடையும்போது அதன் அளவுகளையாவது எழுதுங்கள். என் கட்டையை நீங்கள் பல தடவை உற்றுப் பார்த்திருக்கிறீர்கள். அதன் அளவுகள் தற்செயலாக உங்கள் மரத்தில் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது.

லோத்தர் நேரிங்

பி.கு.: சர்க்கரை எங்கே இருக்கிறது என்று இர்மாவிடம் கேட்டு எழுதவும். வெர்னாவுக்குத் தேவைப்படும்வரை அவள் அங்கேயே இருக்கட்டும். எனக்கு ஒரு சிரமமும் இல்லை.


நியூ உல்ம்
14 நவம்பர் 1962

அன்புள்ள சகலைக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். பழைய துளையை அடைத்தேன், புதுத் துளை போட்டேன், ஊசி கடைந்தேன். மூன்றாவது ஊசி சரியாக அமைந்தது. சுட்ட தோட்டாவின் விளிம்பில் அழகான சின்னப் பள்ளம் விழுகிறது. குழலும் வந்துவிட்டது, பொருத்தியாகிவிட்டது. மாற்றிக்கொள்ளலாம் என்ற உங்கள் பேச்சுக்கு நன்றி. வெர்னா வேண்டாம் என்கிறாள்.

சர்க்கரை, பார்லி என்று எழுதிய டப்பாவில் இருக்கிறது. உங்கள் வீட்டில் பார்லி வாங்குவதே இல்லையாம்.

உங்கள் கடிதம் வந்தபோது இர்மா உருளைக்கிழங்கு அடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன எழுதியிருக்காரு அத்தான்?”

“சர்க்கரை எங்கேன்னு கேக்கறாரு.”

“அப்புறம்?”

“ஊசி. திருகாணி. கட்டையோட அளவு.”

“அப்புறம்?”

“எனக்கு ஒரு சிரமமும் இல்லன்னு.”

அடையைத் திருப்பிப் போட்டாள். அது கொஞ்சம் கருகியிருந்தது.

“அளவ எழுதிடுங்க அத்தான். ஒண்ணு விடாம எழுதுங்க.”

ஆகவே எழுதுகிறேன். வால்நட் மரம். விசையிலிருந்து அடித்தகடு வரை பன்னிரண்டே முக்கால் அங்குலம். கன்னம் வைக்கும் மேடு இடப்பக்கம், நன்றாக உயர்த்தி வெட்டியது. பிடிக்கும் இடம் மெலிவாக இருக்கிறது. அடித்தகட்டில் தோளைக் கவ்வ இரண்டு கொம்புகள், நம் பெரியவர்கள் வைத்துச் சுட்ட மாதிரியே. மொத்த எடை பத்து பவுண்டுக்குக் கீழே. இவற்றில் எதுவும் உங்கள் அளவு அல்ல என்பதைப் பார்த்து நிம்மதி அடைவீர்கள்.

அன்புடன்,
எமில்


ஷிபாய்கன்
3 டிசம்பர் 1962

திரு. எமில் டெஷ் அவர்களுக்கு,

நிம்மதி அடையவில்லை.

உங்கள் அளவுகளை வைத்து பைன் பலகையில் ஒரு மாதிரிக் கட்டை அறுத்தேன். உங்கள் தவறுகளைக் கண்டுபிடித்து அன்போடு எடுத்துச் சொல்வதுதான் நோக்கம். தோளில் வைத்தேன். என் கட்டைவிரல் என் மூக்கில் இடித்தது. நீங்கள் என்னைவிட ஒரு சாண் உயரம். உங்கள் தோளில் அது இருந்தால் உங்கள் கட்டைவிரல் எங்கே இருக்கும் என்று யோசித்தேன், கண்ணுக்குள் இருக்கும். ஆகவே அந்தத் துப்பாக்கி உங்களுக்கானது அல்ல.

பலகையைச் சங்கத்துக்கு எடுத்துப்போனேன். அது என் தவறு. வெள்ளிக்கிழமை மீன் சாப்பிட எல்லோரும் வந்திருந்தார்கள். தொத்திறைச்சிக் கடை வால்டெமார் அதை வாங்கிப் பார்த்தான்.

“பன்னெண்டே முக்காலா? எமிலுக்கா? அவன் கை ரெண்டும் கொக்குக் கால் மாதிரி இருக்குமேடா.”

“அதான் யோசிக்கிறேன்.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு. இது பொம்பளைக் கட்டை. அவன் பொண்டாட்டிக்குச் செஞ்சிருப்பான்.”

“வெர்னா இடதுகைக்காரி. கன்ன மேடு இடப்பக்கம் இருக்கு. வலது தோள்ல வைக்கிறவங்களுக்குத்தான் அது ஆகும்.”

“அப்ப அந்த வீட்டுல வேற யாரு இருக்கா?”

கேட்டுவிட்டு வால்டெமார் தன் பீரைப் பார்த்தான். பிறகு மேசையில் இருந்த எல்லோரும் அவரவர் பீரைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். இர்மாவின் பச்சைக் கம்பளிக் கோட்டு தொங்குகிறது. குளிர்காலக் கோட்டை எடுக்காமல் போனவள் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. முழங்கை தேய்ந்த இடத்திலிருந்து கைநுனி வரை அளந்து, விரலுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். பன்னிரண்டே முக்கால்.

கட்டையின் நீளத்தை மேலோட்டமாகப் பார்த்தே சொல்லிவிடலாம். கன்ன மேட்டை அப்படி வெட்ட முடியாது. கழுத்தின் நீளம் தெரிய வேண்டும், கன்ன எலும்பு எங்கே வருகிறது என்று தெரிய வேண்டும், அவள் தலையை எவ்வளவு சாய்ப்பாள் என்று தெரிய வேண்டும். நான் அவளைக் கல்யாணம் செய்து தலை நரைத்துவிட்டது. இர்மாவின் கழுத்து எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதுவும் கால் அங்குலத் துல்லியத்தோடு. ஆட்களைப் பார்த்தவுடன் அளவெடுப்பது உங்கள் தொழில் என்பீர்கள். அந்த ஆட்களுக்கு வீடு திரும்பும் உத்தேசம் இருப்பதில்லை.

முதலில் ஆக்‌ஷன். இரண்டாவதாக என்ன என்று நான் எழுத மாட்டேன்.

ஒரே கேள்வி. கிறிஸ்துமஸுக்கு என் மனைவி வருகிறாளா?

லோ. நேரிங், பல் மருத்துவர்


நியூ உல்ம்
10 டிசம்பர் 1962

அன்புள்ள சகலைக்கு,

நீங்கள் கண்டுபிடித்தது சரி. டிசம்பர் முடிவதற்குள் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று இர்மா சொன்னாள், ஒருபோதும் மாட்டீர்கள் என்று வெர்னா சொன்னாள். சமையலறையில் ஒரு கேக் கைமாறியது.

கழுத்தை அளந்தது நானல்ல. வெர்னா தையல் நாடாவால் அளந்தாள், நான் அடுப்பங்கரை வாசலில் நின்று எண்களைக் குறித்துக்கொண்டேன். என் தொழிற்கண்ணை உயிரோடு இருப்பவர்கள்மேல் வைப்பதில்லை. அவர்கள் அசைகிறார்கள்.

நடந்தது இவ்வளவுதான். வியாழக்கிழமைகளில் எங்கள் சங்கத்து அடித்தளத்தில் குளிர்காலச் சுடுதல் நடக்கும். சுட்ட இலக்கு அட்டைகளில் புள்ளி எண்ண இர்மாவை அழைத்துப்போனேன். அந்த வேலையில் அவளுக்கு இணையாக எங்கள் ஊரில் ஆளில்லை. இரண்டாவது வாரம் அவள் கேட்டாள்.

“அத்தான், நான் ஒரு அட்டை சுடட்டுமா?”

“தாராளமா. ஏன், ஷிபாய்கன்ல சுட்டதில்லையா நீ?”

“கேட்டேன். ‘நீ எண்ணிக் குடு, அது போதும், உனக்குக் கண்ணு நல்லாருக்கு’ன்னாரு. கண்ணு நல்லாருக்கிறவங்கதான சுடணும்?”

இரவலாக ஒரு துப்பாக்கியை வாங்கிச் சுட்டாள். கட்டை அவளுக்கு ரொம்ப நீளம். தொங்கிக்கொண்டு சுட்டதுபோல் இருந்தது. அப்படியும் எங்கள் பொருளாளரைவிட அதிகம் எடுத்தாள். அன்று வீடு திரும்பும்போது, ஹைடமானின் ஆக்‌ஷன் யாருக்குப் போக வேண்டும் என்ற கேள்வி என்னளவில் முடிந்துபோனது. துப்பாக்கி அவளுடையது. அதை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை என்று சொல்லச் சொன்னாள். வெர்னாவின் மாவுக்கட்டை நவம்பர் முதல் தேதி, சகல புனிதர் திருநாள் அன்றே பிரித்தாகிவிட்டது, நன்றாக நடக்கிறாள். இதை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும்.

பச்சைக் கோட்டை அனுப்பிவையுங்கள். இங்கே பனி முழங்காலளவு.

அன்புடன்,
எமில்


ஷிபாய்கன்
11 பிப்ரவரி 1963

சகலைக்கு,

கோட்டு கிடைத்திருக்கும். பையில் இரண்டு கைக்குட்டைகள் வைத்திருந்தேன். அதைப் பற்றி யாரும் எழுதவில்லை.

இது சங்கத்தின் சார்பில் எழுதும் கடிதம். இரு ஊருக்கும் நடக்கும் தபால் பந்தயத்தின் அட்டைகள் வந்து சேர்ந்தன. அவரவர் ஊரில் சுட்டு அட்டைகளை அனுப்புவதும் எதிர்த்தரப்பு எண்ணிச் சொல்வதும் வழக்கம். எங்கள் தரப்பில் இத்தனை காலம் எண்ணியது யார் என்று உங்களுக்குத் தெரியும். அவள் இப்போது உங்கள் தரப்பு. ஆகவே எங்கள் ஆட்கள் என்னை நியமித்தார்கள். பூதக்கண்ணாடியும் நடுங்காத கையும் என்னிடம் இருக்கின்றனவாம். கை விஷயத்தில் அவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்.

அவளுடைய அட்டைகளைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். முதல் அட்டையை எடுத்ததும் யாரோ பத்துக் குண்டையும் ஒரே ஓட்டையில் போட்டுவிட்டு மீதியை மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பத்தும் இருந்தன, ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டுக்கொண்டு. என் துப்பாக்கியில் நான் அப்படி ஒரு அட்டை சுட்டதில்லை. வேறு யாரும் இதைச் சுட்டிருந்தால் சட்டம் போட்டு மாட்டச் சொல்லியிருப்பேன்.

கடைசி அட்டையில் ஒரே ஒரு குண்டு சந்தேகம். ஒன்பதா, பத்தின் கோட்டைத் தொடுகிறதா? அளவுக் குச்சியை ஓட்டையில் செருகித்தான் பார்க்க வேண்டும், அதுவும் ஒரே ஒரு முறை. மறுபடி செருகினால் காகிதம் விரியும். புதிதாக வந்தவர்களுக்கு இர்மா சொல்லிக் கொடுப்பதைப் பல தடவை கேட்டிருக்கிறேன்: “ஒரே தடவைதான். நல்லதோ கெட்டதோ, அதோட விட்டுடுங்க.”

செருகினேன். தொடவில்லை. ஒன்பது. அப்படியானால் நான்கு அட்டைகளின் மொத்தத்தில் அவளும் நானும் சமம். எனக்குத் திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தியைத்தான் நான் நம்பவில்லை. கணவன் போட்ட ஒன்பது என்று நாளைக்கு யாராவது சொல்வார்களே. நியாயத்துக்காக இன்னொரு தடவை செருகினேன். தொட்டதுபோல் இருந்தது. தொடவில்லை என்று உறுதிசெய்துகொள்ள மூன்றாம் தடவை செருகினேன். அதற்குள் அந்த ஓட்டையில் யாருடைய அபிப்பிராயமும் புகுந்து வரலாம் என்ற அளவுக்கு ஆகிவிட்டது. குச்சி பத்தின்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. வால்டெமார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“டேய் லோத்தர், அவ சுட்டது ஒம்பது. பத்த நீ சுட்டிருக்க.”

பத்து என்று எழுதிக் கையொப்பமிட்டேன். இர்மா 387. நான் 386. முதலிடம் எடுப்பவரின் ஊருக்கே வெற்றி என்பதால், நியூ உல்ம் ஒரு புள்ளியில் வெற்றி. இதைச் சங்கத்துப் பலகையில் எழுதியிருக்கிறார்கள். வால்டெமார் இப்போது ‘உன் பொண்டாட்டி’ என்று சொல்வதில்லை, ‘அந்த நியூ உல்ம் அம்மா’ என்கிறான்.

உங்கள்மேல் எனக்குப் பொறாமை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முன்பு இருந்திருக்கலாம். இப்போது அந்த இடத்தில் வேறொருவர் இருக்கிறார்.

அவளை வரச் சொல்லுங்கள். வீடு அப்படியே இருக்கிறது. துப்பாக்கியையும் எடுத்து வரலாம், சாப்பாட்டு அறைச் சுவரில் இடமிருக்கிறது. துப்பாக்கியைக் கட்டாயம் எடுத்து வரலாம்.

லோத்தர்


நியூ உல்ம்
4 மார்ச் 1963

அன்புள்ள சகலைக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தேன். இர்மா காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“துப்பாக்கிய எத்தனை தடவை வரச் சொல்லியிருக்காரு அத்தான்?”

“ரெண்டு தடவை.”

“என்னை?”

“ஒரு தடவை.”

“பரவால்ல. போன கடிதத்துக்கு இது முன்னேற்றம்.”

மூன்றாம் தடவை குச்சியைச் செருகிய இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “அவருக்கு அது ஒம்பதுன்னு தெரியும். எனக்கும் தெரியும். சுட்டப்பவே தெரியும்” என்றாள். பிறகு கைக்குட்டைகள் நன்றாக மடிக்கப்பட்டிருந்தன என்று சொல்லச் சொன்னாள்.

ஈஸ்டருக்குப் பிறகு வருகிறாள். இரண்டு விஷயங்கள் சொன்னாள். நான் ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

“வியாழக்கிழமை நானும் சுடுவேன், அட்டைய வேற யாராச்சும் எண்ணட்டும். அது ஒண்ணு. இன்னொண்ணு, என் துப்பாக்கிய அவர் தொடக் கூடாது. தொடறதுன்னா எங்கிட்ட கேக்கணும். கேக்காம தொட்டாருன்னா அன்னிக்கே கிளம்பி இங்க வந்துடுவேன். அப்புறம் திரும்பிப் போக மாட்டேன்.”

“கேட்டா குடுப்பியா?” என்று வெர்னா கேட்டாள்.

“கேக்கட்டும் பார்ப்போம். என்னை அவர் எதுவும் கேட்டதில்லக்கா. சர்க்கரையத் தவிர.”

உங்கள் ஊர் ஏரிக் காற்றை நினைத்து, போவதற்குமுன் திருகாணிகளுக்கு நீலம் ஏற்றித் தருகிறேன் என்றேன். உங்கள் பழைய எச்சரிக்கையும் நினைவில் இருந்தது. “வேணாம் அத்தான். வெள்ளையாவே இருக்கட்டும். நான் தினம் எண்ணெய் போட்டுத் துடைச்சு வைப்பேன்” என்றாள். காரணம் கேட்கவில்லை.

சம்மதமா என்று எழுதுங்கள்.

அன்புடன்,
எமில்


ஷிபாய்கன்
20 மே 1963

அன்புள்ள சகலை,

மார்ச்சில் தந்தியில் ‘சம்மதம்’ என்று ஒரே வார்த்தை அனுப்பினேன். அதன்பின் எழுத நேரமில்லை. வீட்டில் மனுஷி இருந்தால் நேரம் போவது தெரிவதில்லை என்பதை மறந்திருந்தேன்.

எல்லாம் நன்றாக இருக்கிறது. வியாழக்கிழமை இருவரும் சேர்ந்தே போகிறோம். அவள் துப்பாக்கியை எடுத்துப் போகிறாள், நான் கார் கதவைத் திறந்துவிடுகிறேன். அவள் சுடும்போது பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். நான் சுடும்போது அவர்கள் பீர் வாங்கப் போகிறார்கள்.

வாக்கு வாக்குதான். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன வாரம் வால்டெமார், தொத்திறைச்சிக் கொழுப்பு மணக்கும் கையோடு, அந்தத் துப்பாக்கியை வாங்கித் தோளில் வைத்துப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்.

“வால்டெமார் தொடலாமா?”

“அவர் கையில துரு வராது.”

“அது மட்டும்தான் காரணமா?”

“அவர் கேட்டுட்டுத் தொட்டாரு.”

மீதி வழி முழுவதும் நான் சாலையைக் கவனித்தேன். கேட்பது ஒன்றும் பெரிய காரியமல்ல. வால்டெமாரே கேட்டிருக்கிறான். ஆனால் ஹைடமானின் வாயில் என் பற்கள் இருந்த காலத்திலிருந்து அந்த ஆக்‌ஷனை அறிந்தவன் நான். வால்டெமாருக்குப் பின்னால் வரிசையில் நின்று கேட்பதா?

புதன்கிழமைகளில் அவள் பாட்டுக் குழுவுக்குப் போகிறாள். மதியம் முழுவதும் வீடு அமைதியாக இருக்கும்.

பொதுவாக ஒரு சந்தேகம். அந்த இரட்டை விசையில், பின்விசையை இழுத்து வைத்தபிறகு முன்விசை எவ்வளவு எடைக்கு விடுபடும்படி அமைத்தீர்கள்? மூச்சுவிட்டாலே விடுபடும்போல் இருக்கும் என்று கேள்வி. கையுறை போட்ட விரலுக்கு அந்த நயம் தெரியாது. தெரியாது என்று ஊகிக்கிறேன். நெம்பு மூடும்போது, நன்றாக அமைந்த பல்செட் மேலண்ணத்தில் போய் உட்காரும் சத்தம் கேட்கிறது. இதை அடுத்த அறையிலிருந்தே கேட்கலாம். பன்னிரண்டே முக்கால் அங்குலம் எனக்குச் சின்னதுதான், கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். ஆனால் தலையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டால் இடிக்காது. கணக்குப் போட்டுப் பார்த்ததில் தெரிகிறது.

என்ன இருந்தாலும் அழகான வேலை. அதை உங்களிடம் முன்பு சொல்லவில்லை.

லோத்தர்

பி.கு.: திருகாணிகளுக்கு நீங்கள் அன்றே நீலம் ஏற்றியிருக்கலாம்.


நியூ உல்ம்
5 ஜூன் 1963

அன்புள்ள சகலைக்கு,

முன்விசை இரண்டு அவுன்ஸுக்கும் குறைவு. நீங்கள் கேட்டிருந்தீர்கள்.

இர்மாவிடமிருந்து இன்று கடிதம் வந்தது. ஐந்து திருகாணிகளும் ரேகை ரேகையாகத் துருப்பிடித்திருக்கின்றனவாம். சர்க்கரை டப்பாவில் பார்லி என்பதை அழித்துவிட்டுச் சர்க்கரை என்று எழுதியிருக்கிறாளாம்.

வெர்னா மாடி அறையில் படுக்கை விரித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் இர்மா வருகிறாள். துப்பாக்கியும் அவளோடு வருகிறது.

அன்புடன்,
எமில்